சாளைக்கு முன்னால் சானல் வருவது ஏன்? விம் எடிட்டரில் தமிழ் அகரவரிசைக்கு ஒரு ஃபங்ஷன் சேர்ப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் குமரி மாவட்ட வட்டாரச் சொற்களைத் திரட்டுகிறார். சுமார் 3,000 சொல் சேர்ந்துவிட்டது. எல்லாம் ஒரே உரைக்கோப்பில் இருக்கிறது: வரிக்கு ஒரு சொல், ஒரு டேப், அப்புறம் பொருள். சிலவற்றுக்கு மலையாள வடிவத்தையும் மலையாள எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். விம் எடிட்டரில் சார்ட் கட்டளை கொடுத்தால் வரிசை தப்பாக வருகிறது. ‘எடிட்டருக்குள்ளேயே தமிழ் அகரவரிசைக்குப் புதிதாக ஒரு ஃபங்ஷன் சேர்க்க ஆசை. சி மொழி ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்குவது?’ என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இந்த வேலையை நான் நாகர்கோவிலில் ஒரு நூலின் சொல்லடைவுக்காக முழுதாகச் செய்து பார்த்திருக்கிறேன். முதலில் விம் ஸ்கிரிப்டில் எழுதினேன், பிறகு சி மொழியிலும் எழுதினேன். நீங்களும் அதே வரிசையில் போங்கள் என்றுதான் சொல்வேன். சி மொழியில் நேராகக் கைவைத்தால் இரண்டு சிக்கலை ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டியிருக்கும். ஒன்று தமிழ் எழுத்தின் சிக்கல், இன்னொன்று எடிட்டரின் நினைவகச் சிக்கல். எது எங்கே தப்பியது என்று பிரித்தறிவது பெரும்பாடு.

வரிசை ஏன் தப்புகிறது என்று பார்ப்போம். உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கக்கூடிய 4 சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சாலை, சாளை, சாறு, சானல். சாளை என்ற மீனும் சானல் என்ற வாய்க்காலும் நமக்கு அன்றாடச் சொற்கள்தானே. அகராதியில் இவை இதே வரிசையில்தான் வரும், ஏனென்றால் நம் நெடுங்கணக்கு ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. விம் தருவதோ சானல், சாறு, சாலை, சாளை. அது எழுத்தைப் பார்ப்பதில்லை, எழுத்துக்குக் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்கிறது. யூனிகோடில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று எண்கள் போகின்றன. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டிருந்த இஸ்கி என்ற தரமுறையின் 1988 அமைப்பை ஒட்டியே இந்தக் கட்டங்கள் அடுக்கப்பட்டன. தேவநாகரிக்கு நேராகத் தமிழை வைத்ததால், தமிழுக்கு வேண்டிய ன, ற, ழ எல்லாம் ஒலியால் நெருங்கிய எழுத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. எண்ணை இனி யாராலும் மாற்ற முடியாது. மாற்றினால் ஏற்கெனவே எழுதிய அத்தனை தமிழும் குலைந்துவிடும்.

இதைவிடப் பெரிய கோளாறு புள்ளியில் இருக்கிறது. கட்டுமரம், கடல், கடா என்பதுதான் அகராதி வரிசை. ட் என்ற மெய் ட-வுக்கு முன்னால் வர வேண்டும். யூனிகோடிலோ ட் என்பது தனி எழுத்தே அல்ல, ட-வும் அதன்பின் ஒரு புள்ளியும். அந்தப் புள்ளியின் எண் ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே கடல், கடா, கட்டுமரம் என்று வரும். இரட்டித்த மெய் உள்ள சொல் எல்லாம் கடைசிக்குத் தள்ளப்படும். தமிழில் இரட்டித்த மெய் இல்லாத பக்கம் ஏது? உங்கள் 3,000 சொல்லில் பாதிக்கும் மேல் இதனால்தான் இடம் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

புதிதாக எதையும் எழுதுமுன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். விம்மின் சார்ட் ஃபங்ஷனுக்கு ‘எல்’ என்ற ஒற்றை எழுத்தை விருப்பமாகக் கொடுத்தால், அது எண்ணை விட்டுவிட்டு இயங்குதளத்தின் லொகேல் (மொழிக்கும் நாட்டுக்கும் உரிய அமைப்பு) சொல்லும் வரிசையைப் பின்பற்றும். லினக்ஸில் இந்தியத் தமிழ் லொகேலை நிறுவி, விம்முக்குள்ளும் அதையே அமைத்துப் பாருங்கள். உங்கள் பட்டியலுக்கு அதுவே போதுமானால் மகிழ்ச்சி, வேலை முடிந்தது. எனக்குப் போதவில்லை. வீட்டுக் கணினியில் ஒரு வரிசையும் நண்பரின் விண்டோஸில் வேறு வரிசையும் வந்தன. லொகேல் எந்தப் பதிப்பு, யார் எழுதியது என்பதெல்லாம் நம் கையில் இல்லை. சொல்லடைவு எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒன்றுபோல வர வேண்டும் என்றால் விதியை நாமே எழுதி வைத்திருப்பதுதான் நல்லது.

இப்போது முக்கியமான முடிவு ஒன்று. நீங்கள் ‘வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்’ எழுத நினைக்கிறீர்கள். அதை எழுத வேண்டாம். ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அதற்குரிய வரிசையெண்ணைச் சரமாக (எழுத்துகளின் தொடராக) திருப்பித் தரும் ஃபங்ஷனை எழுதுங்கள். வரிசைப்படுத்தும் வேலையை விம் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறது. அதற்குத் தெரியாதது தமிழ் நெடுங்கணக்கு மட்டும்தான். அந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். இன்னொரு ஆதாயமும் உண்டு. இரண்டு சொற்களை ஒப்பிடும் ஃபங்ஷனாக எழுதினால், 3,000 சொல்லுக்கு அது சுமார் 35,000 தடவை அழைக்கப்படும், ஒவ்வொரு தடவையும் இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்க்கும். வரிசையெண்ணாக எழுதினால் 3,000 தடவை போதும். விம் ஸ்கிரிப்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வரிசையெண்ணை எப்படி அமைப்பது? நம் எழுத்துகள் 247 என்று பள்ளியில் படித்த கணக்கே வழிகாட்டும். உயிர் 12, ஆய்தம் 1, அப்புறம் 18 மெய், ஒவ்வொன்றுக்கும் 13 வடிவம்: புள்ளியோடு ஒன்று, 12 உயிரோடு சேர்ந்து 12. ஆக 18 × 13 = 234, அதோடு 13 சேர்த்தால் 247. ஒவ்வோர் எழுத்தையும் ஒரு வரியும் ஒரு பத்தியும் கொண்ட கட்டமாகப் பாருங்கள். நான் வரிக்கு 2 இலக்கம், பத்திக்கு 2 இலக்கம் என்று வைத்தேன். அ 10-இல் தொடங்கி ஔ 21, ஆய்தம் 22. க 23, ங 24, ச 25, ஞ 26, ட 27, ண 28, த 29, ந 30, ப 31, ம 32, ய 33, ர 34, ல 35, வ 36, ழ 37, ள 38, ற 39, ன 40. கிரந்த எழுத்துகளை அதற்குப் பின் வைத்தேன்: ஜ 41, ஶ 42, ஷ 43, ஸ 44, ஹ 45. பத்தியில் புள்ளிக்கு 11, அகரத்துக்கு 12, ஆகாரத்துக்கு 13 என்று போய் ஔகாரத்துக்கு 23. தனியாக நிற்கும் உயிருக்கும் ஆய்தத்துக்கும் பத்தி எப்போதும் 10.

மேலே சொன்ன 4 சொல்லையும் போட்டுப் பாருங்கள். சாலை 25133520. சாளை 25133820. சாறு 25133916. சானல் 251340123511. வெறும் சரமாக ஒப்பிட்டாலே சாலை, சாளை, சாறு, சானல் என்று சரியாக விழுகிறது. கட்டு 231227112716, கடல் 231227123511. ட் 2711, ட 2712 என்பதால் கட்டு முன்னால் வந்துவிடுகிறது.

இலக்கங்களாக எழுதியதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நான் இடத்தை மிச்சம்பிடிக்க நினைத்து, வரிக்கு ஒரு பைட், பத்திக்கு ஒரு பைட் என்று வைத்து, புள்ளிக்கு 0 கொடுத்தேன். சி மொழியில் 0 பைட் வந்தால் சரம் அத்துடன் முடிந்தது, விம்மின் சரங்களும் அப்படித்தான். கட்டில், கட்டளை, கட்டுமரம் எல்லாம் ‘கட்’ வரை மட்டுமே எண் பெற்று ஒன்றுபோல ஆகிவிட்டன. சார்ட் ஃபங்ஷன் சமமானவற்றின் பழைய வரிசையைக் கலைக்காது என்பதால், கோப்பில் முன்பு இருந்தபடியே அவை நின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல் சரியாகத்தான் இருந்தது. பிழை கண்ணில்பட 2 நாள் ஆயிற்று. இலக்கமாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை, எந்தச் சொல்லின் எண்ணையும் கண்ணால் படித்துச் சரிபார்க்கவும் முடியும்.

சொல்லை எழுத்து எழுத்தாகப் படிக்கும் முறையும் எளிதுதான். மெய்யெழுத்தின் உரு வந்தால் அதன் வரி எண்ணையும் கூடவே 12-ஐயும் எழுதிவிடுங்கள், அதாவது அகரம் ஏறியது என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் கடைசி 2 இலக்கத்தை மட்டும் மாற்றுங்கள். க வரும்போது 2312, அடுத்து கொக்கி வந்தால் 2314. அவ்வளவுதான்.

இங்கே தோவாளை என்ற ஊர்ப்பெயரைக் கவனிக்க வேண்டும். தோ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் விம் இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்த கோப்புகளை ஒட்டிச் சேர்த்திருந்தால் இரண்டு வகையும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஒற்றைக் கொம்புக்கு 18 எழுதிய பிறகு கால் வந்தால் 21 ஆக மாற்றுங்கள். இரட்டைக் கொம்புக்கு 19 எழுதிய பிறகு கால் வந்தால் 22. ஒற்றைக் கொம்புக்குப் பின் ஔகாரத்தின் நீட்டல் குறி வந்தால் 23. மூன்று நிபந்தனையில் தீர்ந்துவிடும். ஒ எழுதி ள எழுதி ஔ என்று காட்டுகிறார்களே, அதைத் திருத்தப் போகாதீர்கள். அது எழுத்துப்பிழை. வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் எழுத்துப்பிழையை மறைத்தால் பிறகு யாரும் அதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மலையாள வரிகளைப் பற்றி. பொருளுக்கு முன் டேப் இருப்பதால், டேப்புக்கு முந்திய பகுதிக்கு மட்டும் வரிசையெண் எடுங்கள். அப்படியும் தலைச்சொல்லில் வேற்றெழுத்து வந்தால், 99 என்று தொடங்கி அதன் யூனிகோடு எண்ணை 7 இலக்கமாக எழுதுங்கள். தமிழ் எல்லாம் முடிந்த பிறகு அது வரும். இடைவெளிக்கு 00 போதும். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துக்கு, அதாவது இன்றைய தமிழ்நாட்டுக்கு, வந்த மாவட்டம் நம்முடையது. ஏலா, சக்கை, மரச்சீனி என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொல் உங்கள் பட்டியலில் நிறையவே இருக்கும். மலையாள வடிவத்தையும் வைத்திருப்பது மிக நல்ல முடிவு, அதை நீக்கிவிடாதீர்கள்.

இனி விம் ஸ்கிரிப்டில் எழுதுவது. உபுண்டுவில் தொடக்கத்திலேயே இருப்பது பெரும்பாலும் விம் டைனி என்ற சிறிய வடிவம். அதில் ஸ்கிரிப்ட் வசதியே கிடையாது. முழு விம்மை நிறுவிக்கொள்ளுங்கள். ஃபங்ஷனுக்குத் தமிழில் ‘அகரவரிசை’ என்று பெயர் வைக்க ஆசைப்படுவீர்கள், நானும் ஆசைப்பட்டேன். விம் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே பெயரில் ஏற்கும். நீங்கள் எழுதும் ஃபங்ஷனின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவும் வேண்டும், உள்ளமைந்த ஃபங்ஷன்களோடு மோதக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. ஆகவே அகரவரிசை என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பை ஆட்டோலோடு கோப்புறையில் வைத்தால் தேவைப்படும்போது மட்டும் ஏறும்.

சொல்லை எதன்படி வெட்டுவது என்பதில் கவனம் வேண்டும். ‘கன்னியாகுமரி’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்டிர்லென் என்ற ஃபங்ஷன் 36 என்று சொல்லும், அது பைட்டை எண்ணுகிறது. ஸ்டிர்சார்ஸ் 12 என்று சொல்லும், அது யூனிகோடு எண்களை எண்ணுகிறது. ஸ்டிர்சார்லென் 7 என்று சொல்லும், அது உருவோடு ஒட்டிய குறிகளையும் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறது, அதாவது நாம் எண்ணுவதைப் போல. நம் முறைக்கு வேண்டியது நடுவில் உள்ளது. சரத்தை யூனிகோடு எண்களின் பட்டியலாக மாற்றித் தரும் ஃபங்ஷன் விம்மில் இருக்கிறது, ஸ்டிர்டுலிஸ்ட் என்று பெயர். அதன் விடையை ஒரு சுற்றில் ஓட்டி, எண்ணுக்கு வரி எது, குறிக்குப் பத்தி எது என்று இரண்டு அகராதிகளில் (விம்மின் டிக்ஷனரி என்ற தேடல் அமைப்பு) பார்த்துக்கொண்டே போனால் 40 வரிக்குள் முடியும்.

பிறகு கோப்பின் எல்லா வரியையும் கெட்லைன் மூலம் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரிசையெண்ணையும் ஒரு டேப்பையும் ஒட்டி, சார்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, ஒட்டியதைக் கழற்றி, செட்லைன் மூலம் திரும்ப வையுங்கள். டேப்பின் எண் எந்த இலக்கத்தையும் விடச் சிறியது. அதனால் கடல், கடல்பாசி போலத் தொடக்கம் ஒன்றாக உள்ள சொற்களில் குட்டையானது தானாகவே முன்னால் வரும். எண் விருப்பத்தோடு வரிசைப்படுத்தாதீர்கள், இவை பார்வைக்கு எண், ஒப்பிடும்போது சரம்.

சோதிக்கும்போது எந்தச் சொல்லை எடுப்பது? மாவட்டத்தின் 6 வட்டங்களையும் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். அகஸ்தீஸ்வரம், கல்குளம், கிள்ளியூர், திருவட்டார், தோவாளை, விளவங்கோடு. பழைய சார்ட் கட்டளையே இவற்றைச் சரியாக வரிசைப்படுத்திவிடும், ஏனென்றால் ன, ற, ழ, ள எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை, முதல் எழுத்தோ இரண்டாவது எழுத்தோ இங்கே முடிவைச் சொல்லிவிடுகிறது. இது தேறினால் உங்கள் ஃபங்ஷன் சரி என்று நம்பிவிடாதீர்கள். தப்பும் இடத்தில்தான் சோதிக்க வேண்டும்: சாளைக் கூட்டம் 4, கட்டு-கடல்-கடா, இரண்டு விதமாகச் சேமித்த தோவாளை, ஆய்தம் வரும் எஃகு (யூனிகோடில் ஆய்தம் அகரத்துக்கும் முன்னால் இருக்கிறது, நமக்கு அது ஔ-வுக்குப் பின்), வெறும் காலி வரி. அப்புறம், உயிர்க்குறியில் தொடங்கும் உடைந்த சொல் ஒன்று.

அந்தக் கடைசிச் சொல் சி மொழிக்கு வரும்போது மிக முக்கியம். எப்போது சி-க்கு வர வேண்டும்? உங்கள் 3,000 சொல்லுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஆனால் எடிட்டரின் உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று கற்க விரும்பினால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது: சிறியது, தொடக்கமும் முடிவும் தெளிவானது, சரியா தவறா என்று உங்களுக்கே தெரியும்.

விம்மின் சோர்ஸை கிட் மூலம் இறக்கி, சி கம்பைலரும் என்கர்சஸ் மேம்பாட்டு நூலகமும் நிறுவி, ஒன்றும் மாற்றாமல் ஒரு தடவை மேக் கொடுத்துக் கட்டிப் பாருங்கள். அது ஓடிய பிறகுதான் கைவைக்க வேண்டும். எல்லா உள்ளமைந்த ஃபங்ஷன்களின் பெயரும் இவால்ஃபங்க் என்ற சி கோப்பில் ஒரு பெரிய அட்டவணையில் இருக்கின்றன. அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பெயர், குறைந்தது எத்தனை ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு), அதிகம் எத்தனை, அம்புக்குறி முறையில் அழைத்தால் முன்னால் உள்ள மதிப்பு எத்தனையாவது ஆர்க்யுமென்ட்டாகப் போகும், ஆர்க்யுமென்ட் என்ன வகை, விடை என்ன வகை, கடைசியில் வேலையைச் செய்யும் சி ஃபங்ஷனின் பெயர். நமக்கு ஆர்க்யுமென்ட் ஒன்றே ஒன்று, அது சரம், விடையும் சரம். ஏற்கெனவே உள்ள சரத்து ஃபங்ஷன் ஒன்றின் வரியைப் பார்த்து எழுதினால் பிழைக்காது. ஒன்று மட்டும்: வரியை ஆங்கில அகரவரிசைப்படி அதற்குரிய இடத்தில்தான் செருக வேண்டும். விம் இந்த அட்டவணையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிறது. இடம் மாறினால் கம்பைல் ஆகும், ஆனால் அழைத்தால் ‘இ117, தெரியாத ஃபங்ஷன்’ என்று வந்து நிற்கும். அகரவரிசைக்கு ஃபங்ஷன் எழுதப் போய் அகரவரிசையிலேயே நான் ஒரு மாலை முழுக்கத் தேடியது இந்த இடத்தில்தான்.

வேலை செய்யும் ஃபங்ஷனுக்கு இரண்டு பொருள் வரும்: ஆர்க்யுமென்ட்களின் வரிசை, விடையை எழுத வேண்டிய இடம். இரண்டும் டைப்வால் என்ற ஒரே அமைப்பு. அதில் மதிப்பின் வகையும் மதிப்பும் சேர்ந்திருக்கும். விடையின் வகை தொடக்கத்தில் எண், மதிப்பு 0. நீங்கள்தான் அதைச் சரம் என்று மாற்ற வேண்டும். விம்9 ஸ்கிரிப்டில் (விம்மின் புதிய ஸ்கிரிப்ட் வடிவம்) இருந்து அழைத்தால் வகையைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும், அதற்கென்று தயாராக இருக்கும் சோதனை ஃபங்ஷனை முதல் வரியில் அழையுங்கள்.

நினைவகத்தில் மூன்று இடத்தில் கவனமாக இருங்கள். முதலாவது, வந்த சரத்தின் முகவரியை அப்படியே விடையில் வைக்கக் கூடாது. அழைப்பு முடிந்ததும் விம் ஆர்க்யுமென்ட்டையும் விடுவிக்கும், பிறகு ஒரு நேரத்தில் விடையையும் விடுவிக்கும். ஒரே நினைவகம் இரண்டு தடவை விடுவிக்கப்பட்டால் எடிட்டர் செத்துவிடும், அதுவும் உடனே அல்ல, நாலு கட்டளை கழித்து. காலிச் சொல் வந்தால் ‘இதையே திருப்பிக் கொடுத்துவிடலாம்’ என்று தோன்றும் இடத்தில்தான் இந்தத் தப்பு நடக்கும். நகலெடுத்தே கொடுங்கள். இரண்டாவது, விடையின் நீளம் முன்கூட்டித் தெரியாது. தமிழ் உருவுக்கு 4 இலக்கம், வேற்றெழுத்துக்கு 9 இலக்கம். நீங்களே கணக்குப் போட்டு ஒதுக்காமல், விம்மில் உள்ள வளரும் வரிசை வசதியைப் பயன்படுத்துங்கள். கடைசியில் சரத்தை முடிக்கும் 0-வைச் சேர்க்க மறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் அந்த உடைந்த சொல். ‘குறி வந்தால் கடைசி 2 இலக்கத்தை மாற்று’ என்று நாம் விதி வைத்தோம். முதல் எழுத்தே குறியாக இருந்தால் மாற்றுவதற்கு முந்தைய இலக்கம் ஏதும் இல்லை. விம் ஸ்கிரிப்டில் இது ஒரு தவறான விடையோடு போய்விடும். சி மொழியில் உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் 2 பைட் எழுதிவிடுவீர்கள். அலைபேசியில் தட்டியதை ஒட்டும்போது இப்படி உடைந்த சொல் சாதாரணமாக வரும். மெய்யுருவை அடுத்து வந்த குறிதானா என்று ஒரு கொடி வைத்துப் பார்த்து, இல்லையென்றால் அதையும் வேற்றெழுத்துபோல 99 வழிக்கு அனுப்புங்கள். முடிந்ததும் வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியை வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், இப்படி அத்துமீறி எழுதுவது எங்காவது நடந்தால் வரி எண்ணோடு சொல்லிவிடும்.

யூடிஎஃப்-8 சரத்தில் இருந்து யூனிகோடு எண்ணை எடுக்கும் ஃபங்ஷன் விம்முக்குள்ளேயே இருக்கிறது, பைட்டை நீங்கள் பிரிக்க வேண்டாம். ஒட்டிய குறிகளைச் சேர்த்துத் தாண்டும் ஃபங்ஷன் ஒன்று, சேர்க்காமல் தாண்டும் ஃபங்ஷன் ஒன்று என்று இரண்டு உண்டு, பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். நமக்கு வேண்டியது சேர்க்காதது. தமிழுக்கு யூனிகோடில் மொத்தம் 128 இடம் என்பதால், அகராதிகளுக்குப் பதில் 128 பைட் அட்டவணை 2 போதும்.

எழுதி முடித்த ஃபங்ஷனை ஸ்டிரிங்ஸ் என்ற சி கோப்பில், மற்ற சரத்து ஃபங்ஷன்களோடு வைத்தேன். இவால்ஃபங்க் அல்லாத கோப்பில் வைப்பதால் புரோட்டோ கோப்புறையில் அதன் அறிவிப்பையும் சேர்க்க வேண்டும். உதவிக் கோப்புகளில் இரண்டு இடத்தில் பெயர் ஏற வேண்டும், உள்ளமைந்த ஃபங்ஷன்களின் கையேட்டிலும் பயனர் கையேட்டின் 41-ஆம் அதிகாரத்திலும். அட்டவணையும் கையேடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவே விம்மின் சோதனைத் தொகுப்பில் ஒரு சோதனை இருக்கிறது. மேலே சொன்ன தமிழ்ச் சொற்களை உங்கள் சோதனைக் கோப்பாக அதே கோப்புறையில் வையுங்கள்.

இதை விம்முக்கே அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிராம் மோலனார் 1991-ல் வெளியிட்ட எடிட்டர் இது. 2023-ல் அவர் காலமான பிறகு கிறிஸ்டியன் பிரபாண்ட்டும் மற்றவர்களும் பராமரிக்கிறார்கள், வெளியார் மாற்றங்களை இன்றும் ஏற்கிறார்கள். ஆனால் ஒரு மொழிக்கு மட்டும் உதவும் ஃபங்ஷனை எடிட்டரின் மையத்தில் வைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மையத்தில் சேர்ந்த ஃபங்ஷனை யாரோ ஒருவர் காலம் முழுக்கக் காக்க வேண்டும். உங்கள் வரிசை அட்டவணையில் ஜ எங்கே வர வேண்டும் என்பதில் தமிழர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பிளகினாக வெளியிடுங்கள். அப்போது ஒருவர் ஜ-வைச் ச-வுக்குப் பின் வைத்துக்கொள்ள விரும்பினால் அட்டவணையின் எண்களை மாற்றிக்கொள்வார். சி வடிவத்தை உங்கள் கணினியில் உங்களுக்கான திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விம்மில் இருந்து பிரிந்த நியோவிம் வைத்திருந்தால் இதே முறையை லுவா மொழியில் எழுதுங்கள், வேகமாகவே ஓடும், சி-க்குப் போகும் தேவையே வராது. ஈமேக்ஸ் எடிட்டர் என்றால் லிஸ்ப் மொழியில் எழுதுங்கள்.

முதலில் ஸ்கிரிப்ட் வடிவத்தை முடித்து, உங்கள் கோப்பின் நகலில் ஓட்டுங்கள். ச வரிசையையும் க வரிசையையும் அச்சிட்ட அகராதி ஒன்றோடு பக்கத்துப் பக்கமாக வைத்துப் பாருங்கள். எந்தச் சொல்லாவது இடம் தப்பி நின்றால், அந்தச் சொல்லையும் அதற்கு முன்பின் உள்ள இரண்டையும், மூன்றின் வரிசையெண்ணோடு எழுதி அனுப்புங்கள். எண்ணைப் பார்த்தால் எந்தக் குறியில் தப்பியது என்று சொல்லிவிடலாம்.